தேவி நடக்கும் வேகம்

— மணி நாலே கால், விஜயதாஸே. அஞ்சு மணிக்கு கோயில் கமிட்டி கூடுது. செக்ரட்டரி நான் நேரத்துக்குப் போகணும். சொல்ல வந்தத நின்னுகிட்டே சொல்லிட்டுப் போறேன்.

— இருந்து சொல்லுங்க சாரே. அந்த டயர்மேல இருக்கலாம். கிரீஸ் இல்ல.

— வேண்டாம். வேட்டி புதுசு. கேட்டியா, இந்த வருசம் பரணித் திருவிழாவுக்கு ரதம் இழுக்க காட்டாக்கடையில ஒரு மினிலாரி சொல்லியிருக்கு. டிரைவரும் அவங்க ஆளு.

— முடிவாச்சா?

— இன்னைக்கு மினிட்ஸ்ல எழுதினா முடிவு.

— அப்பம் இன்னும் எழுதல்ல.

— எழுதல்ல.

— முக்கால் மணிக்கூர் உண்டு. அதுல அரை மணிக்கூர் எனக்குத் தாருங்க. பெட்டி கேறியாச்சு.

— எது? நாலு மாசமா இந்த அயனி மரத்தடியில ட்ராக்டர ரெண்டா வெட்டிப் போட்டிருந்தியே, அதா?

— வெட்டல்ல, பிரிச்சேன். எஞ்சின் ஒரு பக்கம், பெரிய கியர்பாக்ஸும் பின்சக்கரமும் ஒரு பக்கம். நடுவுல இந்தச் சின்ன கியர்பெட்டிய வச்சு மறுபடி சேத்தாச்சு.

— ஊருல வேறயாக்கும் சொல்லுகான். விஜயதாஸ் வண்டிய பழைய இரும்புக்குப் போடப் பிரிக்கான்னு.

— சொல்லட்டு. ஒரு வருசமா இந்த வயல் ஏலாவுல ஒருத்தனும் உழவுக்கு விளிக்கல்ல. பிள்ளைய ரதத்துல இருந்து தள்ளிவிட்டவன்னு பேராச்சு. ஸ்கூல்ல எனக்க மக நந்தனாட்டயே கேக்காங்க. இதுக்கு மேல என்ன சொல்லப் போறாங்க?

— அது நான் சொன்னதில்ல.

— சார் சொன்னதா நான் சொல்லல்ல. உங்க பேத்தி ஆர்யாவுக்குத் தோளு எப்பிடி?

— எலும்பு கூடியாச்சு. சைக்கிள் ஓட்டுகா. இந்த வருசமும் தேவி வேஷம் கெட்டணும்னு ஒரே பிடிவாதம். அவளுக்க அம்ம சங்கரி சம்மதிக்கல்ல. அந்த ட்ராக்டர் இழுக்க ரதத்துல எனக்க மக கேறமாட்டான்னு சங்கரி கமிட்டியில வந்து சொல்லியாச்சு.

— சங்கரி சொன்னதுல தெற்றில்ல. எனக்க பிள்ளைக்குத் தோளெலும்பு ஒடிஞ்சா நானும் அதைத்தான் சொல்லுவேன். அது போட்டு. மினிலாரியில சார் எங்க இருந்து குடை பிடிப்பிய?

— என்ன குடை?

— தேவிக்கு முத்துக்குடை. அது உங்க வீட்டு முறையில்லியா. இதுவரை எனக்க மட்கார்டுல இருந்துதானே பிடிச்சிய.

— இந்த வருசம் வேற ஆரும் பிடிக்கட்டு. எனக்குத் தோள் வேதனை.

— முட்டு வேதனைன்னு குமாரிட்ட சொன்னதாட்டு சொன்னா.

— ஒனக்க பொண்டாட்டிக்கு என்னத்தையும் அரைகுறையாக் கேக்கதுதான் வேல. முட்டும் வேதனை, தோளும் வேதனை. வயசு அறுபத்தெட்டு.

— வண்டிக்கும் அதே மாடல். அறுபத்தெட்டு.

— நேரம் போகுது. இந்தப் பெட்டி என்ன செய்யும்? மனுசனுக்குப் புரியும்படி சொல்லு.

— ரதத்துக்கு முன்ன செண்டைக்காரங்க நடக்கது சாருக்குத் தெரியும். நின்னு கொட்டுவாங்க, ரெண்டடி வைப்பாங்க, மறுபடி நின்னு கொட்டுவாங்க. இந்த வண்டிக்கு முதல் கியர்தான் ஆகக் குறைஞ்ச வேகம். அதுல விட்டாலும் கூட வாறவன் ஓட்டமும் நடையுமா வரணும். அதனால ரெண்டு மணிக்கூர் கிளச்ச பாதி மிதிச்சுக்கிட்டே ஓட்டணும். இடுப்புக்குக் கீழ மரத்துப் போகும்.

— காலு மரத்துப் போய் வழுதிச்சு.

— அப்பிடியாக்கும் மினிட்ஸ்ல.

— அப்பிடித்தான். ரெக்கார்டுபடி, ‘பாசனச் சானல் பாலத்து ஏற்றத்தில் ஓட்டுநரின் கால் கிளச்சிலிருந்து நழுவியதால் வண்டி முன்னே பாய்ந்து, தேவி வேடமிட்ட குழந்தை கீழே விழுந்தது.’ எழுதினது நான்தான்.

— சாருக்கு நல்ல எழுத்து.

— கிண்டலா?

— இல்ல சாரே. நெய்யாற்றின்கரை ஆபீஸ்ல முப்பது வருசம் எழுதின கையில்லியா.

— பெட்டியச் சொல்லு.

— இதுக்கு ஒரு சின்ன கம்பி உண்டு, பாருங்க. மேல தூக்கினா வண்டி பழைய வேகம். கீழ தாத்தினா ஒவ்வொரு கியரும் மூணுல ஒரு பங்கு வேகம். கிளச்ச மிதிக்கவே வேண்டாம். அதுவா நடக்கும்.

— எங்க கிட்டிச்சு?

— மார்த்தாண்டத்துல ஒரு இரும்புக் கடையில. ஏதோ ரப்பர் எஸ்டேட்டுல கெடந்த இதே மாடல் வண்டியில உள்ளது. தொறந்தா உள்ள தண்ணி, துரு, ஒரு தவளையும். பல்சக்கரம் ஒண்ணுல மூணு பல்லு இல்ல. அத நெய்யாற்றின்கரையில லேத்துல கொடுத்துப் புதுசா வெட்டினேன். பேரிங் எல்லாம் மாத்தினேன். உள்ள ஒரு பித்தள வாசர் உண்டு. கடையில கிட்டல்ல. நானே அரம் வச்சு ராகினேன், மூணு நாளு.

— ஒருக்கா சேத்த பெறவு மறுபடியும் பிரிச்சதாட்டு கேட்டேன்.

— ஆமா. கிளச் பிளேட்ட திருப்பி வச்சிட்டேன். தடிச்ச பக்கம் எஞ்சினப் பாத்து இருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆச்சு, மிதிச்சா கிளச் விடல்ல. பத்து நாள் வேல போச்சு. மறுபடி பிரிச்சு நேரா வச்சேன். அது எனக்க தெற்று.

— இதையும் ஊருல சொல்லிட்டா திரியுத?

— எனக்க தெற்ற நான் சொல்லாம வேற ஆரு சொல்லது? என்ன சாரே, மறுபடி மணி பாக்கிய?

— ஒண்ணுமில்ல. கமிட்டிக்கு நேரமாச்சான்னு பாத்தேன்.

— நேத்து எனக்க கண்டத்துல ரொட்டவேட்டர் கெட்டி சேறடிச்சுப் பாத்தேன். இந்தப் பெட்டியில போட்டா வண்டி பைய நகருது, சேறு அரைச்ச மாவுபோல வருது. அடுத்த கண்டத்துக்காரன் தேவகுமார் வரப்புல ரொம்ப நேரம் நின்னு பாத்தான். கடைசியில, எனக்க கண்டத்துக்கு எப்பம் வருவன்னு கேட்டான். ஒரு வருசத்துல மொதல்ல கேட்ட ஆளு அவனாக்கும்.

— அப்பம் ஒனக்கு உழவு கிட்டிச்சு. ரதம் எதுக்கு?

— உழவுக்கு நாலுபேரு வருவான். ஆனா ரதம் அந்தப் பாலத்துல மினிலாரிக்குப் பின்னால போச்சுன்னா, எனக்க பேரு அங்கயே கெடக்கும் சாரே. எத்தன கண்டம் உழுதாலும் எடுக்க ஒக்காது.

— செரி. அரை மணிக்கூர்ல என்ன செய்யணும் நான்?

— நடக்கணும். சானல் கரை ரோட்டுல, பாலம் வரைக்கும். சார் முன்ன போங்க, நான் பின்னால வாறேன். வண்டி சாரத் தொட்டுதுன்னா நேராப் போய் மினிலாரின்னு எழுதுங்க.

— நான் பைய நடக்க ஆளு. முட்டு.

— அதுக்காக்கும் சார் வேணும்.

— குடைய விரிச்சுக்கிடட்டா? வெயில் போகல்ல.

— விரிங்க. தேவி போற மாதிரியே இருக்கும்.

— நில்லு, நில்லு. முன் ஆக்ஸிலுக்கு மேல ரெண்டு மரத்துண்டு சொருகி இருக்கே. அதும் வண்டியில உள்ளதா?

— ஐயோ. அது ஆப்பு. வண்டியப் பிரிச்சப்ப எஞ்சின் ஒரு பக்கமாச் சரியாம இருக்க அடிச்சு வச்சது. எடுக்க மறந்துபோச்சு, நேத்து சேத்துல ஓட்டினப்பவும் தெரியல்ல. அந்தச் சுத்தியல இஞ்ச தாருங்க.

— இதோட பாலத்துல ஓட்டியிருந்தா?

— முன்சக்கரம் பள்ளத்துக்குத் தக்கபடி சாயாது. பாலத்துல ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்கும். நல்லவேள, சார் கண்டிய.

— நான் பாத்தது நல்லதாச்சு.

— ஆமா சாரே. ஒருத்தனுக்க கண்ணுல படாதது இன்னொருத்தன் கண்ணுல படும். செரி, ஸ்டார்ட் பண்ணுகேன். சத்தம் கூடுதல், உரக்கப் பேசணும்.

— நடக்கட்டா?

— நடங்க.

— வருதா?

— வருது. திரும்பிப் பாக்காண்டாம்.

— சத்தம் கழுத்துல கேக்குது.

— சத்தம் வரட்டு. வண்டி ஏழடி பின்னால.

— நான் நின்னா?

— நின்னா நானும் நிறுத்துவேன். சொல்லிட்டு நில்லுங்க.

— ரத்னபாய் அவளுக்க வீட்டுக் கேட்டுல நின்னு சிரிக்கா.

— சிரிக்காம இருப்பாளா? குடையும் பிடிச்சு ஒரு ஆளு முன்ன, ட்ராக்டர் பின்ன. செண்டை மட்டும்தான் இல்ல.

— இப்பம் எவ்வளவு பின்னால?

— அதே ஏழடி. இனி ஒருக்கா திரும்பிப் பாருங்க. காலு ரெண்டும் வெளிய. கிளச்சுலயும் இல்ல, பிரேக்குலயும் இல்ல. ஸ்டியரிங்குக்கு அடியில இருக்க கை ஆக்சிலேட்டர், அந்த லிவர் மட்டும், கொஞ்சம் தாத்தி வச்சிருக்கு. அவ்வளவுதான்.

— நீ பேப்பர் வாசிக்க மாதிரி இருக்க.

— பேப்பர் இருந்தா வாசிக்கலாம்.

— பாலம் வந்தாச்சு.

— ஏறுங்க.

— இஞ்சதான்.

— இஞ்சதான் சாரே.

— விஜயதாஸே, அண்ணைக்கு எஞ்சின் ஒரு அலறு அலறிச்சு.

— பழைய எஞ்சின். தோணும்ப அலறும்.

— கால் வழுதினா வண்டி ஒண்ணு துள்ளிட்டு நின்னுபோகும், எஞ்சின் அலறாதுன்னு எனக்க மகன் அரவிந்த் சொன்னான்.

— அரவிந்துக்குக் கார் தெரியும்.

— பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு நான் உன்னட்ட என்ன கேட்டேன்? ஓர்மை உண்டா?

— ‘காலு வழுதிச்சா விஜயதாஸே’ன்னு கேட்டிய.

— நீ?

— ஆமான்னேன்.

— வேற ஒண்ணும் நான் கேக்கல்ல.

— கேக்கல்ல.

— நீ ஏன் ஆமான்னு சொன்ன?

— ஆர்யா உங்க கழுத்தக் கெட்டிப் பிடிச்சுக்கிட்டு, தாத்தா தாத்தான்னு கரைஞ்சுகிட்டு இருந்தா. அந்த நேரத்துல வேற என்ன சொல்லது? பாத்து நடங்க, இறக்கம்.

— வண்டி?

— அதே ஏழடி. இறக்கத்துலயும் பாயாது, பெட்டி பிடிச்சிருக்கும். பாலம் தாண்டியாச்சு சாரே. தொட்டுதா?

— தொடல்ல.

— மேல ரதத்துல ஆர்யா நின்னிருந்தா?

— உறங்கியிருப்பா.

— அப்பம் கமிட்டியில என்ன சொல்லுவிய?

— கண்டத சொல்லுவேன். மத்தவங்க நான் சொன்னா கேப்பாங்க. சங்கரிட்ட சொல்லதுதான் பாடு.

— அவளையும் ஒருநாள் இதுபோல முன்ன நடக்கச் சொல்லுங்க. பிள்ளையையும் கூட்டிட்டு.

— அவ நடந்தா ஒனக்க வண்டி எட்டாது. மக்கா, மினிட்ஸ்ல எழுதினத அழிக்கக்கூடாது. ஆனா அடுத்த கூட்டத்துல திருத்தம்னு ஒரு வரி எழுத வழி உண்டு.

— எதுக்குத் திருத்தம்?

— ஒரு வரி எழுதணும்னு ஒரு வருசமா நினைக்கேன். பேனா எடுத்தா எப்பிடித் தொடங்கதுன்னு தெரியல்ல.

— அவசரம் இல்ல சாரே. வழியில யோசிக்கலாம்.

— மணி?

— நாலு அம்பது.

— நடந்தா எத்த முடியாது.

— கேறி இருங்க. பெட்டிய மேல் வேகத்துல போட்டு விட்டா அஞ்சு நிமிசம்.

— மட்கார்டுலயா? வேட்டி.

— தொடச்சு வச்சிருக்கேன். சாருக்க எடம் அதுதானே. கையத் தாருங்க. அந்தப் படியில சவிட்டி.

— இதென்ன, இஞ்ச ஒரு குழாய் நட்டமா நிக்கு? புதுசா வெல்ட் பண்ணின மாதிரி.

— ஆமா.

— கியர்பெட்டிக்கு உள்ளதா?

— இல்ல சாரே. முத்துக்குடைக் கம்ப ஊணதுக்கு. பெட்டி வாங்கதுக்கு முன்னமே, மொதல் வேலையா அத வெல்ட் பண்ணினேன். இனி பாலத்துல வண்டி குலுங்கினாலும் கம்புக்க அடி வந்து எனக்க ஆக்சிலேட்டர் லிவர்ல தட்டாது. கையில உள்ள குடைய அதுல வச்சுப் பாருங்க, சாருக்கு உயரம் செரியா இருக்கா?