ஐந்தருவிக் குளியலும் இரண்டு ஊசிகளும்

பெயர் அனுசியா, வயது 34, கணவர் பெயர் ஹரிநாராயணன். தென்காசி மேலகரத்தில் குடியிருந்து வருகிறேன். தனியார் ஸ்கேன் மையத்தில் கதிரியக்க ஊசி போட்டுப் படம் எடுக்கும் வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இலத்தூர் சுந்தரபாண்டியன் இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த மனு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவர் தங்கை குழல்வாய்மொழிக்கு (46) நான் போட்ட ஊசியால் புற்றுநோய் பரவிவிட்டதாகவும், மறுநாள் தனக்குத் தெரியாமல் தங்கைக்கு இன்னொரு ஊசி போட்டதாகவும் அதில் கண்டிருக்கிறது. முதலாவது பொய். இரண்டாவது உண்மை.

கட்டியின் வளர்ச்சியைச் சரியாகக் காட்டுவது பழைய ஊசி மருந்தா, புதியதா என்று எங்கள் மையத்தில் ஆய்வு நடக்கிறது. பழையது சர்க்கரை மாதிரி. உடம்பு எங்கே அதிகம் இழுக்கிறதோ அங்கே படத்தில் வெளிச்சமாகத் தெரியும். புதியது பெருகுகிற செல்களைக் காட்டும். இரண்டும் வெளியூரிலிருந்து காரில்தான் வரும், இரண்டு மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடும். குழல்வாய்மொழிக்கு மார்பில் கட்டி. சித்திரையில் இரண்டு மருந்திலும் முதல் படம் எடுத்து மாத்திரை தொடங்கினார். அது கேட்கிறதா என்று பார்க்கவே இரண்டாம் தடவை, முதல் நாள் பழைய ஊசிக்கும் மறுநாள் புதிய ஊசிக்கும் வரச் சொன்னோம்.

17.07.2025 காலை அவர் ஈரத்தலையோடு, பல் கிடுகிடுக்க வந்தார். குளிர் ஆகாது என்று முந்தின நாள் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கேட்டதற்குக் கூட வந்த அண்ணன் சுந்தரபாண்டியன், "நல்ல காரியத்துக்குப் போவும்போது ஐந்தருவியில தலையைக் காட்டாம வருவாவளாம்மா?" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. குளிரில் நடுங்கினால் கழுத்துக் கொழுப்பு சூடு உண்டாக்க அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். முந்தின வாரம்தான் குற்றால சீசன் நெரிசலில் கார் மாட்டி மருந்து வீணானது, மறுபடியும் வீணாக்க மனம் வரவில்லை. கம்பளியைப் போர்த்திவிட்டு ஊசி போட்டேன். அது என் தப்பு.

அதன் பிறகு எடுத்த படத்தில் கழுத்தும் இரு தோளும் விளக்குப் போட்டது போலிருந்தன. சுந்தரபாண்டியன் திரையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, என்னத்தப் போட்டு ஏத்துன?" என்று கத்தினார். நோய் இல்லை, குளிர்தான் என்று நாலு தடவை சொன்னேன். காதில் வாங்காமல் தங்கையை இழுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பதினோரு மணிக்குப் புதிய மருந்து வந்தது, ஆள் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் குழல்வாய்மொழி பஸ் ஏறித் தனியாக வந்தார். தலை காய்ந்திருந்தது. "அண்ணன் வயலுக்குப் போயிருக்காவ. எனக்குத் தெரியணும், போடும்மா" என்றார். சம்மதப் படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். உடம்பு அவருடையது. இதில் அண்ணனைக் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தப் படத்தில் கழுத்திலும் தோளிலும் ஒன்றும் இல்லை. மார்பில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் சித்திரையில் இருந்ததில் பாதி. அதன் பிறகு போன் செய்தால் அண்ணன்தான் எடுக்கிறார், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். இன்று நிலைய வாசலில் அவரிடம் டாக்டரின் அறிக்கைக் கவரை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நோய் முற்றிவிட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டோம் என்று மனுவில் எழுதியிருக்கிறார். அந்த மாத்திரை கேட்டுக்கொண்டிருக்கிறது.

என் மேல் எந்த நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். அதற்கு முன் யாரையாவது இலத்தூருக்கு அனுப்பி இந்தக் கவரைக் குழல்வாய்மொழி கையிலேயே கொடுங்கள்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். என் தப்பு உட்பட எல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கிறது.

(ஒப்பம்) அனுசியா
21.07.2025