அரை வயித்துச் சோறு

— தேயிலக் கொழுந்து மலையில மயங்கி விழுந்தவள நாலு பேரு தூக்கிட்டு வந்து போட்டிருக்காங்க. நீ என்னடான்னா, மாத்திரைய அடுப்புல கொட்டிட்டேன்னு நின்னு சொல்ற, வேலாயி!

— கொட்டத்தான் செஞ்சேன், மருத்துவச்சியம்மா. அந்த இரும்பு மாத்திரைய முழுங்குனா வயித்துப் புள்ள பெருத்துப் போயிரும். அப்பறம் என் மருமக எப்புடிப் பெத்துப் பொழைப்பா?

— அது புள்ளைய பெருக்க வைக்கிறதுக்கில்ல, ரத்தம் ஊறுறதுக்கு. பூரணி, கண்ணத் தொறம்மா. பாரு வேலாயி, எமைக்கு உள்ள வெள்ளக் காகிதமாட்டம் கெடக்கு. காலையில என்ன சாப்புட்ட, பூரணி?

— தேத்தண்ணி. ஒரு துண்டு ரொட்டி.

— ராத்திரி?

— அத்தை ஒரு அகப்ப சோறு போட்டாங்க. தெனமும் அவ்வளவுதாங்க. மாத்திர இருந்தப்பவும் வெறும் வயித்துல கொமட்டி வெளிய வந்துரும்.

— இன்னுங் கொஞ்சம் போடுங்கன்னு கேக்குறதுதானே?

— யாருகிட்டங்க? அரிசிப் பொட்டிச் சாவி அத்தை முந்தானையில. அவங்க மகன்கிட்ட சொன்னா, ‘ஆத்தா சொல்றபடி இரு’ங்கிறாரு. எங்கம்மா வீடும் போன வருசம் கப்பலேறி இந்தியாவுக்குப் போயிருச்சு. இந்த லயத்துக் காம்பரா வீட்ட விட்டா நான் எங்கங்க போறது?

— அடியே, நான் என்னமோ ஒன்ன வதைக்கிற மாதிரி பேசுற! ராத்திரியெல்லாம் ஒன் கால அமுக்கி விடுறது யாரு? பீலியில ஒரு கொடம் தண்ணி தூக்க விட்டேனா ஒன்ன?

— இல்லேங்கல அத்தை. ஆனா பசிக்குது. கொழுந்து எடுக்குறப்ப பக்கத்து நெரையில யாராச்சும் ரொட்டியப் பிரிச்சா அழுகையா வருது.

— இன்னும் ரெண்டு மாசந்தான், கண்ணு. பல்லக் கடிச்சுக்க. புள்ள சின்னதா இருந்தாத்தான் சுலபமா பொறக்கும்.

— ரெண்டு மாசம் தாங்க மாட்டா, வேலாயி. நீ சோத்தக் கொறைச்சா வயித்துப் புள்ள சும்மா இருக்குமா? தாயோட சதையக் கரைச்சு, ரத்தத்த உறிஞ்சி வளரப் பாக்கும். சோறில்லாத ஒடம்புல வெறும் மாத்திர மட்டும் என்ன செய்யும்? ரெண்டும் வேணும்.

— நீங்க படிச்சவங்க, சொல்வீங்க. நான் மகளப் பறிகுடுத்தவ. என் ராக்காயிக்குப் புள்ள பெருசு. அதான் பெத்ததும் போய்ச் சேந்துட்டா.

— அந்தப் புள்ளைய நீ பாத்தியா?

— எங்க பாத்தேன்? அவ போனதும் நான் விழுந்துட்டேன். எனக்குப் புத்தி தெளியுறதுக்குள்ள ரெண்டு பேரையும் பொதைச்சிட்டாங்க. லயத்துல எல்லாரும் புள்ள பெருசுன்னுதான் பேசிக்கிட்டாங்க.

— அது என் கையிலதான பொறந்துச்சு, வேலாயி.

— அப்ப நீங்களே சொல்லுங்க, பெருசுதானே?

— பூனக்குட்டியாட்டம் இருந்துச்சு. ரெண்டு உள்ளங்கையில அடங்கிருச்சு. சுலபமாத்தான் வந்துச்சு. ஒன் மக ஒடம்புலதான் ரத்தமே இல்ல. பெத்தப்ப போன கொஞ்சத்தக் கூட அவளால தாங்க முடியல.

— பொய். இத்தன வருசமா ஏன் சொல்லல?

— நீ கேக்கல. சொன்னா தாங்குவியான்னும் தெரியல.

— அத்தை! ஏன் இப்புடி தரையில ஒக்காந்துட்டீங்க? அத்தை, என்னப் பாருங்க!

— பூரணி... அவளுக்கும் நான் அரை வயித்துக்குத்தான்டி போட்டேன்.