வெள்ளைப் பெருக்கல் குறி போட்ட சாமான் பெட்டி

1986 ஜூலை 3, வியாழக்கிழமை, கல்முனை நீதவான் முன்னிலையில் தமிழில் சொல்லித் தமிழில் எழுதப்பட்டது.

என் பெயர் ஆதம்பாவா மீராமுகைதீன். வயது ஐம்பத்தெட்டு. சாய்ந்தமருது கடற்கரை வீதியில் வசிக்கிறேன். புகையிரதத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வந்து போகும் சாமான் ரயிலின் ஒவ்வொரு பெட்டியின் இலக்கத்தையும் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவதுதான் என் வேலை. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. என் மகள் முனவ்வறாவின் கணவர் காலிதீன் சம்பந்தமாக நானே வந்து இதைச் சொல்கிறேன். காலிதீன் மருதமுனையைச் சேர்ந்தவர், கைத்தறிச் சாரன் வியாபாரம் செய்பவர், எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. ஊரில் யார் வீட்டிலாவது ரயில் நிலையத்தில் எடுத்த பழைய படம் இருந்தால், அதில் ஆட்களுக்குப் பின்னால் நிற்கும் சாமான் பெட்டி எந்த வகை, எந்த வருடத்தது என்று கண்டுபிடிப்பேன். கதவு மரமா இரும்பா, கை பிரேக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பேன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கூரை பறந்த சில பெட்டிகளுக்கு அதற்குப் பிறகு தகரம் அடித்தார்கள். தகரம் தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜவுபர் எனக்கு அந்தப் படங்களைப் பிரதி எடுத்துத் தருவார். நான் பின்பக்கம் பென்சிலால் பெட்டியின் இலக்கம், இடம், வருடம் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பேன். அப்படி முப்பத்தொரு படம் இருந்தது. படத்தில் நிற்கும் ஆட்களை நான் கவனிப்பதில்லை. என் மனைவி றாஹிலாவின் மூத்த சகோதரர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அன்று ரயிலடியில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தபோது, "காக்காட முகத்த ஒருக்காப் பாருங்களன். கோச்சிப் பொட்டியத்தானே பாத்துக்கிட்டு இரிக்கீங்க" என்று அவள் ஏசினாள்.

கடந்த ஜூன் 21ஆம் திகதி, நான் கடைசியாக வேலை செய்த சிறிய நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாமான் ரயில் கவிழ்க்கப்பட்டது. அதைப் பத்திரிகையில் வாசித்தேன். அதன் பின் 25ஆம் திகதி பகல் பதினொரு மணிக்குப் பொலிஸார் என் வீட்டைச் சோதனை போட்டு, பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு என்னையும் ஜீப்பில் ஏற்றிச் சென்றனர். காலிதீன் காலையில் சாரன் கட்டுடன் பஸ்ஸில் போயிருந்தார். அவரை வழியில் இறக்கிப் பிடித்துவிட்டார்கள் என்பதும், அதனால்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. எல்லாம் என் படங்களால் வந்த வினை என்றே நினைத்துப் பயந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். ரயிலில் வேலை செய்ததால் எனக்கு அந்த மொழி தெரியும், அதிலேயே பதில் சொன்னேன். இத்தனை ரயில் படம் எதற்கு, பின்னால் உள்ள எண்கள் யாருக்குக் கொடுக்கும் குறிப்பு என்று கேட்டார். பொழுதுபோக்கு என்றேன். அவர் நம்பவில்லை. அப்படியானால் பின்பக்கத்தைப் பார்க்காமல் சொல்லும் என்று ஒவ்வொரு படமாக மேசையில் வைத்தார். நான் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன், அவர் திருப்பிப் பார்த்தார். பதினொரு படமும் சரியாக இருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு கான்ஸ்டபிள்களும் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள், எனக்குத் தேநீரும் வந்தது. என் பயம் தெளிந்துவிட்டது. மறைப்பதற்கில்லை, எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் என் வேலையை அப்படி யாரும் நின்று பார்த்ததில்லை.

அதன் பின் பன்னிரண்டாவது படத்தை வைத்தார். அது என் டின்னில் இருந்ததல்ல என்று கண்டேன், இருந்தும் பதில் சொன்னேன். நாலு சக்கரப் பெட்டி, மரக் கதவு, தகரக் கூரை, இலக்கம் 4172, நான் வேலை செய்த நிலையத்தின் ஓரத் தண்டவாளம் என்றேன். எந்த வருடம் என்று கேட்டார். கதவில் வெள்ளைப் பெருக்கல் குறி இருந்தது, அது இனி ஓடக்கூடாத பெட்டிக்குப் போடுவது. பென்ஷன் விஷயமாகக் கடந்த மே மாதம் அங்கே போனபோது அந்தக் குறியைப் போடுவதை நானே நின்று பார்த்தேன். ஆகையால் இந்த வருடம், மே மாதத்துக்குப் பிறகு என்றேன். ஒரு வருடம் இரண்டு வருடம் முன்பின் இருக்காதா என்று கேட்டார். "ஒரு மாதம்கூடப் பிழைக்காது" என்றேன்.

அதன் பின் அவர், "பெட்டிக்கு முன்னால் நிற்பது யார்?" என்று கேட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். காலிதீன் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். இந்த நோன்புப் பெருநாளைக்கு நான் எடுத்துக் கொடுத்த பச்சைக் கரைச் சாரன் உடுத்திருந்தார். வெள்ளைக் குறி இல்லாவிட்டாலும் படம் எப்போது எடுத்தது என்று அந்தச் சாரனே சொல்லும்.

காலிதீனின் சாரன் கட்டுக்குள் அகப்பட்ட அந்தப் படம் எண்பத்து மூன்றாம் ஆண்டு எடுத்தது என்றும், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை என்றும் காலிதீன் காலையில் சொல்லி ஒப்பமிட்டிருப்பதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அதன் பின் நான், எனக்கு வயதாகிவிட்டது, கண் மங்கல், பிழையாகச் சொல்லியிருப்பேன் என்றேன். அவர் பதினொரு படத்தையும் விரலால் தட்டி, "அப்படியானால் இவையும் பிழையா?" என்று கேட்டார். பிழை என்றால் டின்னில் உள்ளது குறிப்பு என்று ஆகும், நானும் அந்த வீட்டுக்காரன், காலிதீனும் அந்த வீட்டுக்காரர், இருவரும் மாட்டுவோம். சரி என்றால் காலிதீன் பொய் சொன்னவர். அதன் பின் நான் முதலில் சொன்னதை எழுதி ஒப்பம் வாங்கி, மாலையில் என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டின்னையும் திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது முனவ்வறா தலையில் அடித்துக்கொண்டாள். நூல் கட்டு எடுக்க ஜூன் நடுவில் காலிதீன் அந்த நிலையத்துக்குப் போனதாகவும், கூடப்போன ஜவுபர் அந்தப் படத்தை எடுத்ததாகவும், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எனக்குக் கொடுக்க அதை ஒளித்து வைத்திருந்ததாகவும் சொன்னாள். "வாப்பா, 'பின்னால ஒண்டும் எழுதாமத் தரப்போறன், மாமா என்ன வருசமெண்டு சரியாச் சொல்றாரா பாப்பம்' எண்டுதான் அவர் சொன்னவர். படத்தில நிக்கிறது நானெண்டு மாமாக்கு விளங்கக் கனநேரம் எடுக்குமெண்டு சிரிச்சவர்" என்றாள்.

காலிதீன் பயத்தில் வருடத்தை மாற்றிச் சொன்னார், வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. இதை ஜவுபரும் சொல்லலாம். ஆனால் 25ஆம் திகதியிலிருந்து அவருடைய ஸ்டூடியோ திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "காக்கா, எனக்கும் புள்ள குட்டி இரிக்கி, என்ன இதுக்குள்ள இழுக்காதீங்க" என்று கதவுக்கு உள்ளே இருந்தே சொன்னார். காலிதீனைப் பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டு இங்கே வந்தேன். பெட்டியைப் பற்றி நான் சொன்னது சரி. அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. இப்போதாவது கேட்க வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்தம் உண்டா என்று கேட்கப்பட்டபோது, பெட்டியின் இலக்கம் 4127 என்று மாறி எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். அதை அப்படியே விட்டிருந்தால் நான் சொன்ன பெட்டி வேறு, படத்தில் உள்ள பெட்டி வேறு என்று ஆகியிருக்கும், அது காலிதீனுக்கு உதவியாகவும் இருந்திருக்கும். விட முடியவில்லை. 4172 என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். வேறு பிழை இல்லை. நான் அறிந்த உண்மை இதுவே என்று ஒப்பமிடுகிறேன்.

ஆ. மீராமுகைதீன்