மதகு தூக்கி மூணாம் நாள்

இல்லீங்க ஐயா, நான் உக்காரல. உக்காந்தா நீங்க நிதானமா பேச ஆரம்பிச்சிடுவீங்க, அதுக்கு நேரமில்ல. எவாரிஸ்த் பஸ்கேங்கிற பண்ணைக்காரர் தன்னோட குளத்து மதகைத் தூக்குனாரு. அவர் செஞ்சது அவ்வளவுதான். அதுக்குப் போய் ஜெர்மன்காரனுக்கு உடந்தையா இருந்த துரோகின்னு, நிக்கவச்சு சுடணும்னு தீர்ப்புக் கொடுத்திருக்கீங்க. நீங்க மட்டும் இல்ல, தெரியும், ஜூரி நாலு பேர் இருந்தாங்க. ஆனா கையெழுத்து உங்களோடது. கருணை மனுக் கட்டு இன்னிக்குச் சாயங்கால ரயில்ல பாரிசுக்குப் போகுது, உங்க குறிப்போட. அதுல நீங்க என்ன எழுதுறீங்களோ, அதுதான் அவரோட உசுரு.

நானா? சொலான்ஜ். சட்டம் படிக்கிறேன், புவாத்தியே பட்டணத்துல, மூணாம் வருஷம். சொந்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஆமா, ராத்திரியில லண்டன் விமானத்தை இறக்குன அந்தக் கூட்டத்துல இருந்தவதான். போன மாசம் பதக்கம் குத்துனாங்களே, அந்தப் பொண்ணேதான். அதனாலதான் உள்ள விட்டாங்கன்னு எனக்கும் தெரியும்.

சரி, உங்க கட்டுல என்ன இருக்கு, பாப்போம். முதல் குற்றம், விமானம் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி மதகைத் தூக்குனாரு. தூக்குனாரு, யாரு இல்லன்னா? நவம்பர்ல சகல புனிதர் திருநாள் முடிஞ்ச வாரம் அந்த பிரென் சீமையில எல்லாக் குளத்துலயும் மதகு தூக்குவாங்க. தண்ணி வடியும், கெண்டை அடியில வந்து சேரும், இடுப்பளவு சேத்துல இறங்கி வலையை இழுப்பாங்க. அவங்க அப்பன் காலத்துலயும் இதே வாரம்தான். போதாக்குறைக்கு, ஜெர்மன்காரன் ஆண்ட அந்த வருஷம், உணவு ஆபீசுல இருந்து உத்தரவு வேற, இத்தனாம் தேதிக்குள்ள இவ்வளவு மீன் ஸ்டேஷனுக்கு வந்தாகணும்னு. அந்தக் காகிதம் உங்க கட்டுலயே இருக்கு, பதினேழாவது தாள். படிச்சீங்களா?

படிச்சீங்க. அப்போ உத்தரவுக்குப் பணிஞ்சது குற்றமா, பணியாம இருந்தா குற்றமா? பணிஞ்சு அன்னிக்கு உத்தியோகம் பாத்த நீதிபதிங்க எத்தனை பேரு இன்னிக்கும்... சரி, விடுங்க. அது உங்களைச் சொல்லல.

குளத்துத் தண்ணி எங்க போகும்? வாய்க்கால்ல போகும், கீழ இருக்கிற மேய்ச்சல் நிலத்துல ஊறும். மேல புல்லு பச்சையா அழகா நிக்கும், மிதிச்சாதான் தெரியும் அடியில சேறுன்னு. இது அந்த ஊர்ல மாடு மேய்க்கிறவனுக்கெல்லாம் தெரியும். ஆனா அங்கதான் லண்டன்லேர்ந்து விமானம் இறங்கப் போகுதுன்னு அவங்க யாருக்கும் தெரியாது. ரகசியம். நாங்க நாலு பேர் வாயைக் கட்டிக்கிட்டுக் காத்தோம், பெரிய கெட்டிக்காரங்க மாதிரி. குளம் தெரிஞ்சவங்களுக்கு விமானம் தெரியல. விமானம் தெரிஞ்ச நாங்க எல்லாம் பட்டணத்து ஆளுங்க.

லைசாண்டர்னு பேரு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஒத்தை இஞ்சின், றெக்கை தலைக்கு மேல, சக்கரம் ரெண்டும் பூட்சு போட்ட மாதிரி மூடி போட்டு தடியா இருக்கும். பட்டாளத்துக்கு முன்னாடி பறந்து, எதிரி எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லச் செஞ்சதாம். அந்த வேலைக்குப் போனதெல்லாம் சுட்டுத் தள்ளப்பட்டு, கடைசியில நெலா வெளிச்சத்துல திருட்டுத்தனமா வந்து ஆள் ஏத்திக்கிட்டுப் போற வேலைக்கு விட்டாங்க. ஒரு மேய்ச்சல் நிலமும் மூணு டார்ச்சு லைட்டும் இருந்தா போதும், இறங்கிடும். நிலம் கெட்டியா இருக்கணும், அது ஒண்ணுதான்.

அன்னிக்கு அதுல ஏறி லண்டனுக்குப் போகவேண்டியவர் கெதெயோன் வாத்தியார். அவரைப் பிடிக்கச் சொல்லி சுவர்ல படம் ஒட்டிட்டாங்க, ஊர்ல இனி ஒரு நாள் இருந்தாலும் போச்சு. விமானம் அழகா இறங்குச்சு. மூணாவது லைட்டுகிட்ட திரும்புறப்போ வலது சக்கரம் உள்ள போச்சு, மூடி முழுசும். தள்ளுனோம், பலகை வச்சோம், கையால தோண்டுனோம். அந்த இங்கிலீஷ்காரப் பையன் இறங்கிவந்து, மன்னிக்கணும் மன்னிக்கணும்னு எங்ககிட்ட கேக்குறான், அவன் என்னமோ தப்புப் பண்ணிட்ட மாதிரி.

வேற வழியில்லாம ஒருத்தன் ஓடிப்போய் பக்கத்துப் பண்ணையில கதவைத் தட்டுனான். அதுதான் எவாரிஸ்த் வீடு. மாடு வேணும்னதும் ஏன் எதுக்குன்னு கேக்கலீங்க. தூக்கத்துல எழுந்த மனுஷன் மரச்செருப்போட ரெண்டு உழவு மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தாரு. வந்து பாத்தாரு. பாத்ததும் சொன்னாரே ஒரு வார்த்தை, அதுதான் உங்க ரெண்டாவது குற்றம். கட்டுல சிவப்பு மசியில கோடு போட்டிருக்கீங்க. அடப் பாவிங்களா, மதகு தூக்கி மூணு நாள் ஆச்சு, இங்க கொண்டாந்து எறக்குறீங்களேன்னாரு.

பாத்தீங்களா, அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு அரசாங்க வக்கீல் சொன்னாரு. தெரியும்தான். நிலம் தெரியும். நிலம் தெரிஞ்சதுக்கா சுடுவாங்க? துரோகின்னா மாட்டோட ஏன் வரணும்? கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கலாம்ல? ரெண்டு மணி நேரம் அந்த மாடுங்களோட தானும் மூணாவது மாடா இழுத்தாரு. அந்த நேரத்துலயும் என்னைப் பாத்து, ஏம்மா புத்தகக்காரி, உன் புத்தகத்துல மாடு மேயாதான்னு கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துச்சு, நம்புவீங்களா? சேத்துல நின்னுக்கிட்டு அவர்கூட வாதம் பண்ணேன்.

வரல. சக்கரம் அசையவே இல்ல, ஒரு மாட்டுக்குக் கால் ஒடிஞ்சதுதான் மிச்சம். பையன் விமானத்துக்குத் தீ வச்சான், அவங்களுக்கு அப்படித்தான் உத்தரவு. தீயைப் பாத்துட்டு ரோந்து லாரி வந்துச்சு. பையனை எவாரிஸ்த் மீன் வண்டியில கெண்டைக்கு அடியில படுக்கவச்சுக் கொண்டுபோய் ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டாரு. அது கட்டுல இல்ல. ஏன்னா பையன் எந்தப் பட்டாளத்துல இருக்கான்னே தெரியல, நான் எழுதுன மூணு கடுதாசிக்கும் பதில் இல்ல. வாத்தியார் வேலியோரமா ஓடுனாரு. முட்டிவரைக்கும் சேறு, எங்க ஓடுறது. மறுநாளே சந்தை மைதானத்துல சுட்டுட்டாங்க.

அவர் தம்பி உங்க ஜூரியில உக்காந்திருந்தாரே, அது நியாயமா? தம்பியைக் குறை சொல்லலீங்க. அண்ணன் செத்தா யாரோ ஒருத்தன் காரணமா இருந்தாகணும். அவருக்கு ஒரு ஆள் வேணும். ஊருக்கும் வேணும். மதகு தூக்குன ஆளு ஆப்டாரு, நல்லதாப் போச்சு.

வாத்தியார் சாவுக்கு யாருமே பொறுப்பில்லையான்னா கேக்குறீங்க? அப்படி நான் எங்க சொன்னேன்.

தெரியுமுங்க, இதெல்லாம் எவாரிஸ்த்தோட வக்கீல் ஏற்கெனவே பேசிட்டாரு. புதுசா என்ன இருக்குன்னு கேக்குறீங்க. நீங்க கடியாரத்தைப் பாக்கவேணாம், நானே பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அந்த நிலத்தைப் பாத்து வச்சது நான். ஜூலையில அறுநூறு காலடி எண்ணி நடந்தேன், குதிகாலால இடிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு. அதுக்குத்தான் பதக்கம். அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. விமானம் வர்றதுக்கு முந்தின நாள் வயர்லெஸ்ல லண்டன்லேர்ந்து ஒரு கேள்வி வந்துச்சு. நிலத்தை மறுபடி நேர்ல போய்ப் பாத்துச் சொல்லுங்கன்னு. வயர்லெஸ்காரர் செத்துட்டாரு, அவர் எழுதி வச்சது எரிஞ்சுபோச்சு, அதனால என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தேன். அங்கேர்ந்து நிலம் ஏழு கிலோமீட்டர். தூறிக்கிட்டு இருந்துச்சு, சைக்கிள் டயர்ல காத்து நிக்கல. அடுத்த வாரம் ரோமன் சட்டப் பரீட்சை. அடுப்புப் பக்கத்துல உக்காந்து படிச்சிட்டிருந்தேன். புத்தகத்தை மூடக்கூட இல்லீங்க, ஓரத்துல காகிதத்தை வச்சு அப்படியே பதில் எழுதிக் குடுத்தேன்.

எழுதிக்கோங்க, கையெழுத்தும் போட்டுத் தர்றேன். லண்டனுக்கு நான் அன்னிக்கு எழுதுன பதில் இதுதான்: இன்னிக்கு நேர்ல போய்ப் பாத்தேன், தரை கெட்டியா இருக்கு, வரலாம்.