அறுபத்தெட்டில் வைத்த மை

இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவரும் பாகூர் கடைத்தெருவின் ஜவுளிச் சக்கரவர்த்தியுமான பக்கிரிசாமி அவர்களே! "கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் அடுத்த வருஷம் நிச்சயம்" என்று வருஷா வருஷம் வாக்குக் கொடுத்து, இன்றைக்கும் சளைக்காமல் மேடையேறியிருக்கும் பெரியோர்களே! முன்வரிசையில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் தங்கை ரோசம்மாளே! வில்லியனூரிலிருந்தும் பூரணாங்குப்பத்திலிருந்தும் வண்டி கட்டியும் சைக்கிள் மிதித்தும் வந்து குவிந்திருக்கும் பொதுமக்களே! உங்கள் அனைவருக்கும் மணவாளனின் வணக்கம்.

மணவாளன் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. மாமா என்றால் தெரியும். மாமா வாயைத் திறந்தால் ஒரு படி உண்மையில் ஒரு மூட்டை உமி கலந்திருக்கும் என்பதும் தெரியும். ஆகவே முன்கூட்டியே இந்த மைக்கின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன்: இன்று நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. அறுபத்தெட்டாம் ஆண்டு விரலில் வைத்த ஓட்டு மை, இந்த எண்பத்தைந்தாம் ஆண்டு வரைக்கும் அழியாமல் இருந்த ஒரு மனிதரின் கதை அது.

அந்த மனிதர்தான் 'சூசை சவுண்ட் சர்வீஸ்' உரிமையாளர். கொம்யூன் தேர்தல் கோரிக்கைக் குழுவின் அமைப்பாளர், செயலாளர், கொடி கட்டுபவர், பெஞ்சு துடைப்பவர் ஆகிய அத்தனை பதவிகளையும் ஒருவராகவே வகித்த செயல்வீரர் சூசைநாதன் அவர்கள். மரியாதைக்கு 'அவர்' என்று தொடங்கினேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை. அவன் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மைக் அவனுடையது. கூவுகிறதே, கேட்கிறதா? அவன் இருந்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவான், அடங்கிவிடும். நாம் தட்டினால் இன்னும் கூவுகிறது. முதலாளியை நினைத்து அழுகிறது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஒயர்க் கோளாறு.

அவனுடைய குழாய் ஸ்பீக்கரின் பெருமையை உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமா? பாகூர் ஏரிக்கரையில் கட்டினால் வில்லியனூரில் தேங்காய் விழும். கடலூரில் தாலி கட்டப்போன மாப்பிள்ளை கையை நிறுத்திவிட்டு, யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்ப்பான். ஒருமுறை பாரிசிலிருந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும்படி தந்தியே வந்தது. இதோ, அவன் பெண்சாதி ரோசம்மாள் தலையில் அடித்துக்கொள்கிறது. "அண்ணே, அந்தத் தந்தியை இன்னிக்காவது வுட்டுடுங்க" என்கிறது. விட்டுவிட்டேன், தங்கச்சி.

அந்தக் குழாயில் அவன் கேட்டது என்ன? நிலம் கேட்டானா? பதவி கேட்டானா? ஒரே ஒரு வரிதான் கேட்டான்: "எங்கள் கொம்யூனைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்களே ஓட்டுப் போட்டு உட்கார வைக்க வேண்டும்." அவ்வளவுதான்! பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே நம் கொம்யூனுக்கு மேர் என்று ஒரு தலைவர் இருந்தார். அவர் உத்தமரா இல்லையா என்பது வேறு விஷயம். அவர் வீட்டு வாசலில் போய் நின்று திட்டலாம். சுதந்திரம் வந்தது. அறுபத்தெட்டில் ஒரே ஒருமுறை கொம்யூனுக்கு ஓட்டுப் போட்டோம். தவணை முடிந்தது, தேர்தல் வரவில்லை. நாற்காலியில் அதிகாரி வந்து உட்கார்ந்தார். அதிகாரி தங்கமானவர். வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் "பரிசீலிக்கிறேன்" என்பார். வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்றால் "பரிசீலனையில் உள்ளது" என்பார். பரிசீலனை வளர்ந்து கதிர்விடும் நேரத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிடும். அடுத்தவர் வந்து புதிதாக உழுவார்.

ஊரில் எல்லோர் விரலிலும் வைத்த மை ஒரு மாதத்தில் போய்விட்டது. சூசை விரலில் மட்டும் போகவில்லை. சீயக்காய் போட்டான், போகவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தான், போகவில்லை. "மறுபடி கொம்யூன் ஓட்டு வைக்கிற வரைக்கும் நகரமாட்டேன்" என்று அந்த மை சபதம் எடுத்துவிட்டது, பெரியோர்களே!

கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பது அவனுக்கு முதல் கூட்டத்திலேயே புரிந்துவிட்டது. வந்தது நானும் ரோசம்மாளும் ஒரு கன்றுக்குட்டியும். ஆகவே மக்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடமாகப் பார்த்துக் கோரிக்கையை வைத்தான். சவுண்ட் சர்வீஸ்காரன் இல்லாமல் எந்த விசேஷம் நடக்கும்? காதுகுத்தில் இரண்டு பாட்டுக்கு நடுவில் கொம்யூன் தேர்தல். மஞ்சள் நீராட்டில் கொம்யூன் தேர்தல். பிணம் எடுக்கிற வீட்டில்கூட, "அன்னாருக்குச் சொர்க்கத்தில் இடம் பரிசீலனையில் இல்லை, உறுதியாகிவிட்டது, பரிசீலனை எல்லாம் பூமியில்தான்" என்று அறிவித்தவன் அவன்!

நம் தலைவர் நெளிகிறார். காரணம் உண்டு. அவர் மகள் கல்யாணத்தில், முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் இலையில் உட்காருகிற நேரத்தில், இவன் மைக்கைப் பிடித்து, "மணமக்கள் பதினாறும் பெறுக, பாகூர் கொம்யூன் ஒரு தேர்தலாவது பெறுக" என்று வாழ்த்திவிட்டான். பக்கிரிசாமி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாய்யா இது, என் பொண்ணு கல்யாணத்துல உன் அரசியலு?"

சூசை மைக்கை அணைக்காமலே பதில் சொன்னான். "முதலாளி, மாப்ளய யாரு பாத்து எடுத்தது?"

"நான்தான். பின்ன எவன் பாப்பான்?"

"ஆபீசரு ஒரு மாப்ளய அனுப்பி, இவரு பரிசீலனையில வந்தவரு, கட்டிவைன்னா ஒத்துக்குவீங்களா?"

பந்தியே சிரித்தது. சம்பந்தி சிரித்ததில் ரசம் புரையேறியது. பக்கிரிசாமி அன்று சிரிக்கவில்லை. மறுவாரம் கடையை மூடிவிட்டு நேரே சூசையிடம் வந்து, "யோசிச்சுப் பாத்தேன்பா, நீ சொன்னது நாயந்தான்" என்றார். அன்றுமுதல் அவர் குழுத் தலைவர். எங்கள் இயக்கத்தில் ஒருவர் யோசித்துச் சேர்ந்தார் என்றால் அது அவர்தான்.

மற்றவர்கள் சேர்ந்த விதம் வேறு. அந்த வருஷம் ஒரு ஸ்டேஷனுக்கு, பெயர் சொல்லமாட்டேன், வெளியூரிலிருந்து புது இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். அவர் காதில் முதல்நாளே "கொம்யூன் வேண்டும், கொம்யூன் தேர்தல் வேண்டும்" என்று குழாய் பேசியிருக்கிறது. நம்முடைய பழைய பிரெஞ்சு வார்த்தை அவருக்கு எப்படித் தெரியும்? இவன் கம்யூனிஸ்ட்டுப் புரட்சிக்கு ஆள் சேர்க்கிறான் என்று முடிவுகட்டி, சூசையையும் மைக்செட்டையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான் ஓடினேன். அங்கே இன்ஸ்பெக்டர், புரட்சி எந்தத் தேதியில் வைத்திருக்கிறாய் என்று அதட்டிக்கொண்டிருந்தார். சூசை ஜன்னல் வழியே எதிர்க்கட்டடத்தைக் காட்டினான்.

"அய்யா, அந்தப் போர்டுல இன்னா எழுதியிருக்குன்னு படிங்க."

படித்தார். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அப்ப அந்தப் போர்டையும் புடிச்சாந்து உள்ள வைங்க. நானும் அதுவும் ஒரே கட்சி."

சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஆனால் சேதி அதற்குள் கழனிகளில் பரவிவிட்டது. சூசையைப் பிடித்துவிட்டார்கள், அவன் கம்யூனிஸ்ட்டாம், ஏழைகளுக்கு நிலம் பிரித்துத் தரப்போகிறானாம்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கூட்டம் போட்டோம். எவ்வளவு பேர் வந்தார்கள் தெரியுமா? கரையில் இடமில்லாமல் ஜனங்கள் ஏரிக்குள் நிற்க, தண்ணீருக்கு இடமில்லாமல் ஏரி எழுந்து கடலூருக்கே போய்விட்டது!

நான் சூசையின் காதில், "ஒன்றும் சொல்லாதே, நிலம் என்று நினைத்தால் நினைக்கட்டும், ஆள் இருந்தால்தான் அரசாங்கம் பயப்படும்" என்றேன். இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றே சொல்வேன். அந்தப் பாவி கேட்டானா? மைக்கைப் பிடித்தான்.

"நான் நிலம் குடுக்கிறவன் இல்ல. பொய் சொல்லி உங்கள நிக்கவைக்க மாட்டேன். ஓட்டு ஒண்ணுதான் கேக்கறேன். அதுக்கு வந்தவங்க இருங்க."

கூட்டம் கரைந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் சிலர் திட்டினார்கள். எனக்கு அவனை அந்த ஏரியிலேயே அமுக்கிவிடலாமா என்றிருந்தது. கடைசியில் காசம்மாள் மட்டும் நின்றது. நடவு ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகும் காசம்மாள்தான், அதோ கம்பத்தின் பக்கத்தில் நிற்கிறது.

"நிலம் இல்லன்னா போவட்டும். நாம ஓட்டுப் போட்டு வச்ச ஆளுன்னா, விடியக்காலைல அவன் வூட்டு வாசல்ல போயி, வாய்க்கா தூருடான்னு கேக்கலாம் இல்ல?"

"கேக்கலாம் ஆயி."

"அப்ப நான் நாலு பேருகிட்ட சொல்றேன்."

அது நாலு பேரிடமா சொன்னது? நடவுக்குப் போன ஊரெல்லாம் சொன்னது. களைக்குப் போன இடத்தில் சொன்னது. அறுப்பில் சொன்னது. நானும் பக்கிரிசாமியும் மேடைபோட்டு வளர்க்காத இயக்கத்தை, சேற்றில் குனிந்து நின்றவர்கள் வளர்த்தார்கள். பாகூரில் தொடங்கியது வில்லியனூர் வரை போயிற்று. ஊருக்கு ஊர் மகஜர், ஊருக்கு ஊர் ஊர்வலம்.

சரி, கிடைத்தது என்ன? சொல்லுங்கள், மேடையில் இருக்கும் பெரியவர்களே, கிடைத்தது என்ன? பரிசீலனை! ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் எங்கள் மேடையில் ஏறி மாலை வாங்கிக்கொண்டீர்கள். அடுத்த வருஷம் என்றீர்கள். கைதட்டினோம். அந்த அடுத்த வருஷம் எந்த ஊரில் தங்கியிருக்கிறது? வழிச்செலவுக்கு இல்லாமல் திண்டாடுகிறதா?

இன்னும் கேளுங்கள். அந்தப் பொதுத் தேர்தல்களிலெல்லாம் சூசை ஓட்டுப் போட்டானா? இல்லை! காலையிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போவான். சாவடி அதிகாரி விரலைப் பார்ப்பார். விரலில் புள்ளி! "நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்களே" என்பார். "ஆமாய்யா, போட்டேன். அறுபத்தெட்டுல போட்டேன்" என்பான் இவன். சட்டம் எந்த வருஷத்து மை என்று கேட்பதில்லை. எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் அவனைத் தெரிந்தவர்கள்தான். ஆனால் இவன் யாருக்குப் போடுவான் என்று ஒருவருக்கும் தெரியாததால், போடாமல் போனால் நல்லது என்று எல்லோரும் ஒன்றுபோலக் கூரையைப் பார்ப்பார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்ததை நான் அங்கே மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ரோசம்மாள் கெஞ்சிப் பார்த்தது. "வெரல்ல ஒரு துணியைச் சுத்திக்கினு போய்யா, அடிபட்டதுன்னு சொல்லு" என்றது. "பொய்க் கட்டுக் கட்டிக்கினு போயி மெய்யான ஓட்டுப் போடறதா?" என்று வெறும் விரலோடு போய்த் திரும்பி வந்து, அன்று முழுக்கக் குழாயைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஓட்டு ஓட்டு என்று உயிரைவிடுகிறவன் ஓட்டுப் போடாமலே திரும்பி வருவான். எனக்குச் சிரிப்பாக வரும். பிறகு வயிறு எரியும்.

இன்று எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்! பெஞ்சு போதாமல் தெருவில் நிற்கிறீர்கள். அவன் உயிரோடு இருந்து இதே இடத்தில் கடைசியாகக் கூட்டம் போட்டபோது, தைமாதம்தான், கேட்டுக் கேட்டு ஊரே சலித்துப்போய்ப் பதினோரு பேர்தான் வந்தோம். எனக்குக் கோபமாக இருக்கிறது, பெரியோர்களே. அழுவதற்கு வந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்குச் சும்மா நின்றிருந்தால் போதுமே! ஒருவன் செத்தால்தான் கூடுவோம் என்றால், கொம்யூன் தேர்தல் வருவதற்குள் குழுவில் ஒருவரும் மிஞ்சமாட்டோம்.

ஆகவே உறுதி ஒன்று எடுக்கிறேன். சூசை சவுண்ட் சர்வீஸ் மூடப்படாது. ரோசம்மாள் நடத்தும். இந்த மாவட்டத்தில், மன்னிக்க வேண்டும், இந்தப் பூமண்டலத்தில், எந்த விசேஷத்தில் அந்தக் குழாய் கட்டினாலும் இரண்டு பாட்டுக்கு நடுவில் அந்த ஒரு வரி ஒலிக்கும். என் தொண்டை இருக்கும்வரை நான் சொல்வேன், பிறகு காசம்மாள் சொல்லும். பிடிக்காதவர்கள் கல்யாணத்தை ஊமையாக நடத்திக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கூட்டம். இன்று வந்தவர்கள் அன்றும் வரவேண்டும். யாரும் சாகாவிட்டாலும் வரவேண்டும்.

இனி உமியைப் புடைத்துவிடுகிறேன். தேங்காய் விழவில்லை. தந்தி வரவில்லை. ஏரி எங்கேயும் போகவில்லை. மை சபதம் எடுக்கவில்லை. எல்லோருக்கும் போனதுபோல அவனுக்கும் ஒரு மாதத்தில் போய்விட்டது.

வரவேண்டிய தேர்தல் வராமல்போன வருஷம், வில்லியனூர்த் தேர்த் திருவிழாவில், பச்சை குத்துகிற பெண்ணிடம் போய் இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் நான் நின்றேன். தேள் வேண்டுமா, பெண்சாதி பேர் வேண்டுமா என்று அவள் கேட்டாள். ஆள்காட்டி விரலைக் காட்டி ஒரு புள்ளி போதும் என்றான். அவள் நகத்தையொட்டி ஊசியை வைத்தாள். இவன் கையை இழுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் கீழ குத்தும்மா. மேல எடம் வுடு. அடுத்த ஓட்டுக்கு மை வெக்கணும் இல்ல?"

இது நிஜம். முந்தாநாள் அவனைக் குளிப்பாட்டும்போது அந்தக் கையை நான்தான் பிடித்திருந்தேன். பச்சைப் புள்ளி இருந்தது. அதற்கு மேலே, அவன் விட்டுவைத்த இடமும் அப்படியே இருந்தது.