நூறு பேரில் எட்டுப் பேர்

அம்மா: அப்போ எம்பொண்ணுக்கு அந்தக் காலேஜ் கிடைக்காதுன்னே முடிவு பண்ணிட்டீங்க.

ஆசிரியர்: கிடைக்காதுன்னு சொல்லலம்மா. கஷ்டம்னு சொன்னேன்.

அம்மா: ரெண்டும் ஒண்ணுதானே, சார்.

ஆசிரியர்: நூறு பேர் விண்ணப்பிச்சா எட்டுப் பேரைத்தான் எடுக்கிறாங்க. அந்த நூறு பேருமே அவங்கவங்க ஸ்கூல்ல முதல் மார்க் வாங்கினவங்க.

அம்மா: இவளும் முதல் மார்க்தானே. கணக்குல...

ஆசிரியர்: மார்க்ல குறை சொல்லல. அது மட்டும் பத்தாது. கட்டுரை எழுதணும், நேர்காணல்ல பேசணும்...

அம்மா: பேச்சுக்கா பஞ்சம்? வீட்டுல வாயை மூட மாட்டா.

ஆசிரியர்: இங்க வாயைத் திறக்கவே மாட்டா.

அம்மா: போன வருஷம் மருந்துக்கடைக்காரர் பையன் போனானே. அவனுக்கு இவளைவிட மார்க் கம்மி.

ஆசிரியர்: அவன் நீச்சல்ல... அது வேற கதைம்மா.

அம்மா: பிள்ளைங்க உங்களுக்குத் தராசுன்னு பேர் வெச்சிருக்காங்க, தெரியுமா? நீங்க கிடைக்கும்னு சொன்னா கிடைச்சிடுமாம்.

ஆசிரியர்: தெரியாம என்ன. ஒரு தடவை போர்டுலயே படம் வரைஞ்சு வெச்சிருந்தாங்க.

அம்மா: அப்போ என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. கிடைக்குமா, கிடைக்காதா?

ஆசிரியர்: ...நம்பிக்கை வெச்சுக்க வேண்டாம்மா. பக்கத்துல இருக்கிற காலேஜ்லயே சேரட்டும். தினமும் வீட்டுக்கு வந்துடலாம்.

அம்மா: ம்... சரி, சார். நான் வரேன்.

ஆசிரியர்: என்னம்மா, இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிட்டு சட்டுனு கிளம்பிட்டீங்க?

அம்மா: நீங்களே சொன்னப்புறம் வேற என்ன இருக்கு?

ஆசிரியர்: உட்காருங்க. கிடைக்காதுன்னு கேட்டு அழுத அம்மாங்களை நிறையப் பார்த்திருக்கேன். இப்படி நிம்மதியா மூச்சு விட்டவங்க யாருமில்ல. தப்பா எடுத்துக்காதீங்க.

அம்மா: தப்பில்ல, சார். நிம்மதிதான். கட்டட வேலையில சாரத்துலேர்ந்து விழுந்த நாள்லேர்ந்து அவங்கப்பா படுத்த படுக்கை. ராத்திரி எனக்கு சலவைக்கூடத்துல வேலை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறது, துடைச்சு விடறது, எல்லாம் அவதான். நான் தொட்டா வலியில கத்துவார். அவ கை பட்டா கத்த மாட்டார்.

ஆசிரியர்: தெரியும்மா.

அம்மா: எப்படித் தெரியும்? அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டாளே.

ஆசிரியர்: நீங்க மேல சொல்லுங்க.

அம்மா: அவ போயிட்டா நான் ஒத்தையில என்ன பண்ணுவேன்னு... கிடைக்கக் கூடாதுன்னு தினம் வேண்டிக்கிட்டேன், சார். பெத்தவ வேண்டிக்கிற வேண்டுதலா இது? இங்க வந்து சண்டை போட்டதெல்லாம் நடிப்பு. போராடிப் பார்த்தேன்னு அவகிட்ட சொல்லணும்ல.

ஆசிரியர்: ...நானும் நடிச்சேம்மா.

அம்மா: என்ன சொல்றீங்க?

ஆசிரியர்: அவளுக்குக் கிடைக்கும். உதவித்தொகையோட கிடைக்கும். இவ்வளவு உறுதியா நான் யாருக்கும் சொன்னதில்ல. கிடைக்காதுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னது அவதான்.

அம்மா: அவளா... அப்போ நான் வேண்டிக்கிட்டது அவளுக்குத் தெரிஞ்சு போச்சா, சார்?

ஆசிரியர்: இல்லம்மா. "கிடைக்கும்னு தெரிஞ்சா எங்கம்மா தன்னைப் பத்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டாங்க, சார். அன்னிக்கே பெட்டியைக் கட்டி என்னை அனுப்பி வெச்சிடுவாங்க"ன்னு சொன்னா.