எனிட் மெக்ரிம்மன் வந்து இறங்கிய ஊர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! ஜெபித்துத் தொடங்கிவைத்த போதகர் ஐயா அவர்களே! பனியைப் பிளந்து வண்டி ஓட்டி வந்திருக்கும் பெரியோர்களே! கையில் கேக்கும் கண்ணில் நீருமாக வந்திருக்கும் தாய்மார்களே! அடுப்பு ஓரத்தை விட்டு அசைய மாட்டோம் என்று அடம்பிடிக்கும் அருமை நண்பர்களே! இங்கிலாந்திலிருந்து வந்து முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எனிட்டின் மகள் ரோஸ்லினே! உங்கள் எல்லோருக்கும் ஏபல் ஸ்ட்ராண்டின் வணக்கம்.

எனிட்டைப் பற்றிப் பேச எனக்கென்ன உரிமை? ஒரே ஓர் உரிமைதான். இந்தக் கெல்வர்டனில் அவள் கால் பட்ட முதல் இடம் என் ரயில் நிலையம்.

போர் முடிந்த மறு வருடம், மார்ச் மாதம். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் குண்டு மழைக்கு நடுவே, போருக்குப் போன நம் ஆர்ச்சி மெக்ரிம்மனைக் கைப்பிடித்த பெண், கைக்குழந்தையோடு கடல் கடந்தாள், கண்டம் கடந்தாள், கணவனைக் காண வந்தாள். கணவன் எங்கே? நான்கு நாள் முன்பு, ஏரிப் பனி உடைந்து, குதிரையோடும் வண்டியோடும் உள்ளே போய்விட்டான்! தந்தி அடித்தவன் நான். அவள் வந்த ரயிலை அது ஊர் ஊராகத் துரத்தியது. பிடிக்கவே இல்லை.

சிவப்புத் தொப்பி. உதட்டில் சாயம். இறங்கியவள் இங்கும் அங்கும் பார்த்தாள். எதிரே நின்றது மாமியார் யூஃபீமியா, தலை முதல் கால் வரை கறுப்பு.

"ஆர்ச்சி வரலையா?"

"வர மாட்டான். புதைச்சாச்சு."

அவ்வளவுதான் சொன்னாள் அந்த அம்மாள். என் அறையில் எனிட்டுக்குத் தேநீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. கோப்பையின் சூட்டில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது யூஃபீமியா சொன்னாள்: "சாயங்காலம் கிழக்கே போற ரயில் இருக்கு. நீ கிளம்பு. குழந்தை என் புள்ளையோட ரத்தம், அது இங்கே இருக்கட்டும்."

எனிட் எழுந்தாள். குழந்தையை மார்போடு இறுக்கினாள். "இது எங்கேயோ நானும் அங்கேதான். வீடு எந்தப் பக்கம், சொல்லுங்க."

நண்பர்களே, அந்த வீட்டில் என்ன இருந்தது? மின்சாரம் இருந்ததா? இல்லை. அன்பு இருந்ததா? அதுவும் இல்லை. ஒரே மேசையில் இரண்டு மிஸஸ் மெக்ரிம்மன்கள், ஒருவன் இறந்ததற்காக ஒருத்தியை ஒருத்தி மன்னிக்காமல்!

"ஏ இங்கிலீஷ்காரி, மாட்டுக்கு எந்தப் பக்கம் பால் வரும்னாவது தெரியுமாடி?"

"எந்தப் பக்கம் உதைக்கும்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். பாக்கி நாளைக்கு."

சிரியுங்கள், சிரியுங்கள்! அவளும் நீங்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் ஊரெல்லாம் சொன்னாள். உழுதாள், விதைத்தாள், அறுத்தாள். ஆலங்கட்டி அடித்த வருடம் விளைச்சல் அடியோடு போனது. மறுபடி விதைத்தாள்.

அந்தக் கைக்குழந்தை ரோஸ்லின் வளர்ந்தாள். தாதியாக வேலை கிடைத்துத் தாயின் தேசத்துக்கே புறப்பட்டாள். வழியனுப்பிவிட்டுத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் எனிட். பொறுக்காமல் கேட்டேன்: "நீயும் கூடப் போயிருக்கலாமே?"

"வீட்டுல ஒருத்தி கண்ணு தெரியாம உட்கார்ந்திருக்கா ஏபல். அடுப்புல சூப் வேற வெச்சிருக்கேன்."

போ என்று விரட்டியவளுக்குச் சோறூட்டினாள். கேட்டீர்களா தாய்மார்களே? விரட்டிய வாய்க்கே ஊட்டினாள்!

சாகும் தறுவாயில் யூஃபீமியா கேட்டாளாம்: "ஏண்டி நீ போகல?"

"நீங்க சொல்லி நான் எதைக் கேட்டிருக்கேன்?"

கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே போய்விட்டாள். எனிட் என்னிடம் சொன்னது இதுதான்: "ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு காத்திருந்தேன் ஏபல். கூப்பிடல."

போன வாரம் புயல் ஓய்ந்த காலை, அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. ஓடினேன். குளிர்கோட்டு அணிந்தபடியே நாற்காலியில் இருந்தாள். அடுப்பும் அணைந்திருந்தது, அவளும் அணைந்திருந்தாள்.

அதன் பிறகு கடைத்தெருவில் என்ன பேச்சு? "பாவம், அந்த இங்கிலீஷ்காரி போயிட்டாளாம்!" முப்பத்தேழு வருடம் நம் மண்ணை உழுதவள் யாருக்கு இங்கிலீஷ்காரி? நம் பிள்ளைகளுக்குக் கையுறை பின்னியவள் எந்த ஊர்க்காரி? இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. மண் இரும்பாக இறுகிக் கிடக்கிறதாம், வசந்தம் வரும்வரை சவப்பெட்டியைத் தேவாலயத்துக் கல்கொட்டகையில் வைக்கலாமாம்.

போதகர் ஐயா மன்னிக்க வேண்டும். மாட்டேன்! காத்திருந்தே கழிந்த பெண்ணை இன்னும் காக்க வைக்க மாட்டேன்! ஆர்ச்சியின் வலப்பக்கம் தாய் படுத்திருக்கிறாள். இடப்பக்கம் காலியாக இருக்கிறது. இன்று மாலையே அங்கே நிலக்கரியைக் கொட்டி எரிய விடப் போகிறேன். காலையில் மேல்மண் இளகியிருக்கும். கடப்பாரையோடு நான் நிற்பேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. என்னால் முடிந்த ஆழம் தோண்டுவேன். மீதியைத் தோண்ட வருகிறவர்கள் வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் என் நன்றி. பனியில் பார்த்துப் போங்கள். வணக்கம்.